முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டணம்

அக்காவுக்கு எங்கள் பட்டணத்து ஆட்களைக் காலை வைத்துத்தான் தெரியும்.

"வெடிச்ச குதிக்கால் வாறார்" என்பா. பெரியகடையில் புகையிலைச் சிப்பம் தூக்குகிறவர் அவர். "கறுத்தச் சப்பாத்து இண்டைக்குப் பிந்திப்போச்சு, கோட்டிலை நல்லாய் வாங்கப்போகுது" என்பா. அது வழக்குப் பேசுகிற ஒரு பிறக்கிராசியார். சோடாக் கடைக்காரருக்கு இரண்டு பாதமும் முறம் போல அகலம். அவர் ஆறடிக்குக் குறையாத ஆள் என்று அக்கா கணக்குப் போட்டு வைத்திருந்தா.

நாங்கள் போன திருக்கல் என்கிற மாட்டு வண்டிக்கு முன்னும் பின்னும் சீலை கட்டியிருக்கும். சீலை ஓரத்துக்கும் வண்டிப் பலகைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதற்குள்ளால் குனிந்து பார்த்தால் தெருவில் போகிறவர்களின் முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரியும். முகத்தைப் பார்க்கவேண்டுமென்றால் சீலையைத் தூக்கவேண்டும். பெரிய பிள்ளையானவள் சீலையைத் தூக்கினால், மாடு வீட்டுக்குப் போக முன்னம் கதை வீட்டுக்குப் போய்விடும்.

அக்கா என்றால் கூடப்பிறந்த அக்கா அல்ல. அவவின் தகப்பனும் என் தகப்பனும் சகோதரரின் பிள்ளைகள். என் ஐயா நான் சிறு பிள்ளையாய் இருக்கும்போதே காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு அம்மாவும் நானும் அக்காவின் தகப்பனான பெரியையாவின் வளவுக்குள்ளே பின்பக்கத்துச் சின்ன வீட்டில் இருந்தோம். பெரியையாவுக்கு அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் உத்தியோகம். அம்மா அவர்கள் வீட்டில் மா இடிப்பா, சமையலுக்கு நிற்பா. எங்களை வேலைக்காரர் என்று ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் அவர்கள் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம்.

என்னை அஞ்சாம் வகுப்போடு மறித்துவிட்டார்கள். அது ஒரு பெரிய கதையாக இருக்கவில்லை. அக்கா சாமத்தியப்பட்டபோது அவவையும் மறிக்கத்தான் பெரியம்மா நின்றா. அக்கா மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தா என்று பிறகு சொன்னார்கள். நான் கண்டது ஒரு நாள். கடைசியில் பெரியையா விட்டுக்கொடுத்தார். சீலை கட்டின வண்டியில் போகவேண்டும், துணைக்கு ஒரு பெட்டை கூடப் போகவேண்டும் என்றார். அந்தப் பெட்டை நான். காலையில் அக்காவோடு போவேன். பட்டணத்தின் மறுபக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத்தில் அவவை இறக்கிவிட்டு வெறும் வண்டியில் திரும்புவேன். பின்னேரம் தனியே போய்க் கூட்டிக்கொண்டு வருவேன். நாலு வருஷம் அப்படிப் போனது. அக்காவுக்கு ரீச்சராய் வரவேண்டும் என்பதுதான் எண்ணம். இன்னும் ஒரு வருஷம் படித்தால் ரீச்சர் படிப்புக்கு எடுப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள்.

"கண்டனியோ, கேட்டனியோ?"

இதுதான் அக்காவின் வாயில் எந்நேரமும். பெரியம்மா, சின்னக்கடைச் சந்தைக்கு ஆளளவு திருக்கை மீன் ஒன்று வந்ததாம் என்று சொன்னால், "கண்டனீங்களோ கேட்டனீங்களோ அம்மா?" என்பா.

"கேட்டதுதான்."

"அப்ப பாதியாய்க் குறையுங்கோ."

"உன்னைக் கட்டப்போறவன் பாவம். ஒரு பொய் சொல்லிச் சிரிக்கவும் ஏலாது."

"பொய் சொல்லிச் சிரிக்கிறவன் எனக்கு என்னத்துக்கு?"

வண்டியில் போகும்போது வலப்பக்கம் அவவுக்கு, இடப்பக்கம் எனக்கு. நான் தனியே திரும்பி வரும்போதும் பார்த்துவைத்துப் பின்னேரம் சொல்லவேண்டும். எனக்குப் பார்க்க வெட்கம். நான் அவர்களின் காலைப் பார்த்தால் அவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள் போல இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு வண்டியின் ஆட்டத்தோடு வந்துவிடுவேன். பின்னேரம் விசாரணை நடக்கும்.

"இண்டைக்கு என்ன கண்டனி?"

"ஒரு மனிசி குடத்தோடை போனவ. சிவத்தச் சீலை."

"கரை என்ன நிறம்?"

"மஞ்சள்."

"எந்தக் காலிலை தழும்பு?"

"வலக்காலிலை."

"எடி, செவ்வாய்க்கிழமையும் உந்த மனிசியைத்தானே கொண்டந்தனி. பாவம், எத்தினை நாளைக்குக் குடத்தோடை நடக்கிறது? இறக்கிவைக்க விடு அவவை."

இருவரும் சிரிப்போம். முன்னால் இருந்து வண்டிக்காரக் கந்தையா அண்ணை, "என்ன பிள்ளையள், மாடு வெருளுது" என்று சத்தம் போடுவார். அக்கா என்னைக் கோபித்தது கிடையாது. ஆனால் அடுத்த நாள் மறுபடியும் கேட்பா. கேட்டுக் கேட்டே என் கண்ணைத் திறக்கவைக்கலாம் என்று நம்பினா போல.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் 'நான் வாழும் நகரம்' என்று ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். முதலாவதாய் வருகிற கட்டுரையைப் பரிசளிப்பு நாளில் எழுதியவளே சபையில் வாசிக்கவேண்டும். அக்கா ஒரே இருப்பில் எழுதினா. கால்கள்தான் முழுக்க. கறுத்தச் சப்பாத்து, வெடிச்ச குதிக்கால், மாட்டுக் குளம்பு, கோயில் வீதியில் வெயிலுக்குத் துள்ளித் துள்ளி நடக்கிற வெறுங்கால்கள். எனக்கு வாசித்துக் காட்டியபோது நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

தமிழ் ரீச்சர் வாசித்துவிட்டு, "பிள்ளை, உன்ரை பட்டணத்திலை ஒருத்தருக்கும் தலை இல்லையோ?" என்றாவாம். வகுப்பு முழுக்கச் சிரித்ததாம். வேறு பிள்ளை என்றால் அழுதிருக்கும். அக்கா எழும்பி, "நான் காணேல்லை ரீச்சர், காணாததை எழுத ஏலாது" என்று சொல்லிவிட்டுக் கொப்பியை வாங்கிக்கொண்டு வந்தா.

அன்றைக்கே பெரியையாவிடம் போய் நின்றா. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஐயா, ஒருநாளைக்குப் பள்ளிக்கூடத்தாலை நடந்து வரட்டோ? இவளையும் கூட்டிக்கொண்டு வாறன்."

பெரியையா பேப்பரை இறக்கவில்லை. "ஏன், வண்டிக்கு என்ன வந்தது?"

"வண்டிக்கு ஒண்டுமில்லை. நான் இந்தப் பட்டணத்திலைதானே பிறந்தனான். பண்ணைக் கடல் எந்தப் பக்கம் எண்டு எனக்கு மணத்தை வைச்சுத்தான் தெரியும்."

"கலியாணம் முடிச்சு அவனோடை நட. நல்லாய் நடக்கிற மாப்பிள்ளையாய்ப் பாத்துத் தேடுறன்."

பகிடியாய்த்தான் சொன்னார். அக்காவும் சிரித்தா. ஆனால் கதை அதோடு முடிந்துவிட்டது. "ஒருத்தருக்கும் சொல்லாமல் ஒருக்கா நடப்பமோ அக்கா?" என்று நான் கேட்டேன். "களவாய்ப் பாத்தால் களவாய்த்தான் எழுதவேணும். வேண்டாமடி" என்றா.

அடுத்த நாளிலிருந்து அக்கா குனிந்து பார்க்கவில்லை. வண்டிக்குள் நிமிர்ந்து, சீலையைப் பார்த்தபடி இருந்தா. சோடாக் கடை போனது, பெரியகடை போனது, கடல் மணமும் வந்து போனது. என்னிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கிழமை அப்படி. அதை என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த நாலு வருஷத்தில் அக்காவுக்கென்று நான் ஒரு காரியம் செய்ததில்லை. என் வாழ்க்கையிலேயே நானாக ஒரு காரியம் செய்தது அதற்குப் பிறகுதான். அதுவும் இப்படி.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கந்தையா அண்ணை என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கினார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "கந்தையா அண்ணை, இண்டைக்குப் பாட்டுப் பழக்கமாம். கூடப்படிக்கிற பிள்ளை வீட்டு வண்டியிலை கொண்டந்து விடுவினமாம். உங்களைப் போகட்டாம். அக்கா சொல்லச் சொன்னவ."

அந்தக் கடைசிச் சொல்லைச் சேர்க்காவிட்டால் அவர் போகமாட்டார். என் சொல்லுக்கு அவருடைய மாடும் அசையாது.

மணி அடித்து அக்கா வெளியே வந்தா. "வண்டி எங்கை?"

"கடையாணி முறிஞ்சு போச்சு அக்கா. கந்தையா அண்ணை கொல்லன் பட்டறைக்குக் கொண்டு போட்டார். எங்களை மெல்ல நடந்து போகட்டாம்."

"கண்டனியோ, கேட்டனியோ?"

"கண்டனான்."

அக்கா என் முகத்தைப் பார்த்தா. எந்தச் சில்லின் கடையாணி, எந்தப் பக்கம் என்று இனிக் கேட்பா என்று பயந்தேன். ஆனால் அவவின் கண் என்னை விட்டுத் தெருவுக்குப் போய்விட்டது. தெரு வெய்யிலில் அகலமாய்க் கிடந்தது. ஒன்றும் கேட்காமல் குடையை விரித்தா.

அந்த நடையைப் பற்றி அக்கா எழுதினா, நான் என்ன எழுத? ஆனால் சிலது அவவின் கட்டுரையில் இல்லை.

சோடாக் கடைக்காரர் அக்காவின் தோளுக்கும் வரமாட்டார். சின்னஞ்சிறு மனிதர், குழந்தைப் பிள்ளை முகம். அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. மேசைக்குக் கீழே குனிந்து அவருடைய பாதத்தைப் பார்த்தா.

"என்ன பிள்ளை, காசு விழுந்ததோ?"

"இல்லை அண்ணை, உங்களைத்தான் தேடினன்."

அவர் பயந்துபோய், "வெயிலிலை வந்து தலை சுத்துது போலை, இருந்து குடியுங்கோ" என்று இரண்டு சோடா உடைத்துத் தந்தார். சந்தியில் நின்ற இளந்தாரி ஒருவன், "டேய், நத்தை ரெண்டு ஓட்டைக் கழட்டிப்போட்டு வெளிக்கிட்டுது பார்" என்றான். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. அக்கா, "நல்லாய்ச் சொன்னானடி" என்று சொல்லிச் சிரித்தா. பெரியகடையில் யாரோ உரத்துப் பாடுகிற குரல் ஒன்றை நாலு வருஷமாய் வண்டிக்குள் இருந்து கேட்டிருக்கிறோம். அது வெடிச்ச குதிக்கால்காரருடைய குரல். அவர் சிப்பத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பாடியபடி எங்களுக்கு முன்னால் போனார். அக்கா தெரு நடுவில் நின்றுவிட்டா. "காலும் பாட்டும் ஒரே ஆளின்ரை" என்று எனக்குச் சொன்னா. அவ அப்படிச் சந்தோஷப்பட்டதை அதற்கு முன்னும் பின்னும் நான் காணவில்லை.

கோட்டையைச் சுற்றிப் பண்ணைக்கு வந்தோம். "இவ்வளவு கிட்டவோ?" என்றா. கரையோரம் தண்ணீர் கணுக்கால் அளவுதான். ஒரு வள்ளத்தை இரண்டு பேர் நடந்தே தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் நின்று தன் காலைக் குனிந்து பார்த்தா. "எங்கடை காலை ஆரும் பாத்திருப்பினமோ?" என்று கேட்டா.

வீட்டுப் படலைக்குள் நாங்கள் நடந்து வந்ததைக் கண்டு பெரியம்மா நெஞ்சில் கை வைத்தா. கடையாணிக் கதையை அக்கா சொன்னா. "சரி, சரி, ஐயா கேளாமல் நீ சொல்லாதை, கந்தையாவோடையும் கதையாதை" என்று பெரியம்மா அதை அப்படியே அமத்திவிட்டா. அன்றைக்கே அக்கா எழுதத் தொடங்கினா. தொடக்கம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். 'நான் பிறந்த நகரத்தின் முகத்தைப் பதினேழு வயது வரை நான் கண்டதில்லை. ஒரு கடையாணி முறிந்தபடியால் கண்டேன்.'

அதற்குத்தான் முதல் பரிசு.

பரிசளிப்பு நாளில் சபை நிறைந்திருந்தது. நான் பின்சுவரோடு நின்றேன். அக்கா வாசிக்க வாசிக்கச் சனம் சிரித்தது. கறுத்தச் சப்பாத்துப் பகுதி வந்தபோது முன்வரிசையில் ஒருவர் இரண்டு காலையும் மெல்லக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டதைக் கண்டேன். கடைசியில் கைதட்டினார்கள். பெரியையா கோபிப்பார் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

அதோடு போயிருக்கலாம்.

திரும்பி வரும்போது பெரியையா முன்னால் கந்தையா அண்ணையோடு இருந்தார். நானும் அக்காவும் சீலைக்கு உள்ளே. அக்காவின் மடியில் பரிசுப் புத்தகம். பெரியையா சந்தோஷம் பொங்க, நல்ல புளுகத்தோடு கதைத்தார்.

"கந்தையா, கடையாணி முறிஞ்ச கதையை நீ எனக்குச் சொல்லேல்லையே. ஒரு ஆணி முறிஞ்சு என்ரை பிள்ளைக்குப் பரிசு கிடைச்சிருக்கு. இன்னும் ரெண்டு மூண்டை முறிச்சுவிடு."

"ஆரின்ரை வண்டியிலை ஐயா?"

"உன்ரை வண்டியிலைதான்."

வண்டி நின்றுவிட்டது.

"ஐயா, என்னை என்ன எண்டாலும் பேசுங்கோ. என்ரை வண்டியைச் சொல்லாதையுங்கோ. இருபது வருசமாய் ஓடுறன், ஒரு ஆணி முறிஞ்சதெண்டு ஆரும் சொல்லட்டும். அண்டைக்குப் பிள்ளைதான் பாட்டுப் பழக்கம், வேறை வண்டியிலை வாறன் எண்டு சொல்லிவிட்டது. உந்தப் பெட்டை வந்து சொல்லிச்சு. கேட்டுப் பாருங்கோ."

"ஓட்டு" என்றார் பெரியையா. வண்டி மறுபடி நடந்தது. அக்கா என் பக்கம் திரும்பினா. அந்த அரை இருட்டில் அவவின் முகத்தில் கோபம் இல்லை. எந்தச் சில்லு என்று கேட்காமல் விட்டதை நினைக்கிறா போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பெரியையா எங்களை விறாந்தையில் நிறுத்தினார். சமையல்கட்டு வாசலில் அம்மா கையில் அகப்பையோடு நின்றா.

"நீயோ கந்தையாவைப் போகச் சொல்லிவிட்டனி?" பெரியையா அக்காவைத்தான் கேட்டார். என்னைக் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. என்னைப் போல ஒருத்தி தானாக ஒரு பொய்யை உண்டாக்குவாள் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

அக்கா என்னைப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன். இல்லை, நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். சொன்னால் அம்மாவையும் என்னையும் அன்றைக்கே வளவை விட்டு எழுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அக்கா ஒருமுறை சமையல்கட்டு வாசலைப் பார்த்தா.

"ஓம் ஐயா" என்றா.

"நீ நடந்ததைப் பற்றி நான் ஒரு சொல் சொல்லமாட்டன். சபையே கைதட்டின காரியம். ஆனால் அவ்வளவு பேருக்கு முன்னாலை நிண்டு பொய்யை வாசிச்சிருக்கிறாய். நீ ரீச்சராய் வந்து பிள்ளையளுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கப்போறாய்? இனிப் போகவேண்டாம்."

பரிசுப் புத்தகத்தை அடுத்த நாள் அவரே கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுத்தார்.

கிணற்றடியில் இரண்டு நாள் கழித்து அக்கா என்னிடம் கேட்டது ஒரே ஒரு சொல். "ஏனடி?" நான் அழுதேன். "அழாதை. சமையல்கட்டு வாசலிலை கொம்மாவைப் பாத்தன், அதுதான் ஓம் எண்டனான்" என்று சொல்லிவிட்டு வாளியைக் கிணற்றுக்குள் விட்டா. நாளைக்குப் பெரியையாவிடம் சொல்லிவிடுவேன் என்று ஒவ்வொரு நாளும் படுக்கப் போவேன். எட்டு மாதம் அப்படிப் போனது. அதற்குள் மலாயாவில் றெயில்வே உத்தியோகத்தில் இருந்தவருக்கு அக்காவைக் கலியாணம் பேசி முடித்துக் கப்பலேற்றிவிட்டார்கள்.

எனக்கும் கலியாணம் நடந்தது. என் புருஷனும் எங்கள் சின்ன வீட்டுக்கே வந்து குடியிருந்தார். அம்மா காலமானா, பெரியம்மாவும் போனா. பெரியையாவுக்குக் கண்ணில் பூப் படர்ந்துவிட்டது. அக்காவின் கடிதத்தை நான்தான் வாசிப்பேன். அவர் சொல்லச் சொல்ல நான்தான் பதில் எழுதுவேன். அக்கா அந்த ஊர்த் தெருக்களைப் பற்றி எழுதுவா. அங்கே வீட்டுக்காரரோடு தினம் நடக்கிறாவாம். 'நல்ல தெருக்கள். ஆனால் எனக்கு ஒருவரையும் தெரியாது' என்று ஒருமுறை எழுதியிருந்தா.

பெரியையா ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் ஒரு வரி சொல்லுவார். 'நீ அன்று பொய் சொல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கு இங்கே ஒரு தலைமை ரீச்சராய் இருந்திருப்பாய்.' அவருக்கு அது மாறாத புண். அந்த வரியை நான் எழுதினேன். ஒரு தரம் அல்ல, பத்துப் பன்னிரண்டு வருஷம் எழுதினேன். என் கையெழுத்து அக்காவுக்குத் தெரியும். அவ ஒருநாளும் அதற்குப் பதில் எழுதவில்லை. 'எழுதுகிற கைக்கும் சுகம்தானே?' என்று மட்டும் கேட்பா.

ஒரு கார்த்திகை மாதம், மழை பிடித்துப் பெய்துகொண்டிருந்த ஒரு காலை, பெரியையா அந்த வரியைச் சொல்லத் தொடங்கினார். நான் பேனையை வைத்துவிட்டேன்.

"என்ன, மை முடிஞ்சுதோ?"

"இல்லைப் பெரியையா. அண்டைக்குக் கந்தையா அண்ணைக்குச் சொன்னது நான். அக்காவுக்கு ஒண்டும் தெரியாது. ஆணி முறிஞ்சதெண்டு அவவுக்கும் நான்தான் சொன்னனான்."

பெரியையா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு கேட்டார்: "அப்ப அவள் ஏன் ஓம் எண்டவள்?"

"எங்களை வளவாலை எழுப்பிப்போடுவியள் எண்டு."

"ஆரை? கொம்மாவையோ? என்ரை தம்பியின்ரை பெண்சாதியை நான் எழுப்புவனோ?" அவர் கதிரைக் கையில் அடித்தார். "உனக்கு ரெண்டடி போட்டிட்டு, அவளை அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டிருப்பனடி. ரெண்டடி."

பிறகு "எழுது" என்றார். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு நிறுத்தி நிறுத்தி நாலைந்து வரி சொன்னார். நான் பேனையை எடுத்தேன். அங்கே கடிதத்தை முதலில் உடைப்பது அக்காவின் புருஷன். அவர் என்னை என்ன நினைப்பார் என்று ஒரு எண்ணம் வந்தது. அது மட்டும்தான் காரணம் என்பதும் முழு உண்மையல்ல. கை ஓடவில்லை. கை எழுதியது வேறு: 'இவ்விடம் மாரி தொடங்கிவிட்டது. தெருவெல்லாம் வெள்ளம். யாவரும் சுகம்.'

"வாசி" என்றார்.

நான் வாசித்தேன். அவர் சொன்னதை, ஒரு சொல் விடாமல், தாளில் இருப்பதைப் போல வாசித்தேன்.

"நல்லாய்த்தான் எழுதிறாய்" என்றார். அவருடைய விரலைப் பிடித்துக் கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டினேன்.

அடுத்த கடிதத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். அடுத்த மாதமே ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்துவிட்டான். கப்பலும் இல்லை, தபாலும் இல்லை. பெரியையா சண்டை முடிய முன்னமே கண்ணை மூடிவிட்டார். மகளுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்ற நிம்மதியோடு போனார்.

கப்பல் ஓடத் தொடங்கியதும் அக்கா பிள்ளைகளோடு வந்தா. தலை பாதி நரைத்துவிட்டது. வந்து மூன்றாம் நாள், பிள்ளைகள் கோயிலுக்குப் போயிருந்த நேரம், விறாந்தையில் என்னைக் கூப்பிட்டு இருத்திப் பெட்டிக்குள் இருந்து ஒரு கடிதத்தை எடுத்தா. மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.

"உதுதான் எனக்குக் கடைசியாய் வந்த கடிதம். சண்டைக்குள்ளை எங்கை ஓடினாலும் இதைக் கொண்டுதான் ஓடினன். ஏன் தெரியுமோ? இதிலைதான் அந்த வரி இல்லை. ஐயா என்னை மன்னிச்சிட்டார் எண்டு நினைச்சன்."

அதற்குப் பிறகும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மழை பெய்த காலையை, இரண்டடியை, அவர் சொல்ல நான் எழுதாமல் விட்டதை, எழுதாததை அவருக்கு வாசித்துக் காட்டியதை.

அக்கா அழவில்லை. கோபித்துக் கத்தியிருந்தாலும் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். கடிதத்தை நீட்டி என் கையில் தந்தா.

"ஐயாவுக்கு வாசிச்சதை எனக்கும் வாசி."

தாளைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். "மகளே, நீ அன்று பொய் சொல்லவில்லை என்று இன்றுதான் அறிந்தேன். சொன்னவள் என் பக்கத்தில் இருந்து இதை எழுதுகிறாள். நான் விசாரியாமல் தீர்ப்புச் சொன்னேன்..."

அக்கா எழும்பி உள்ளே போனா. நான் நிறுத்தினேன்.

"நிப்பாட்டாதை" என்று அறைக்குள் இருந்து குரல் வந்தது.

"உன் படிப்பை மறித்தது என் பிழை. நீ சபையில் வாசித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை உனக்குச் சொல்லாமல் விட்டது அதைவிடப் பெரிய பிழை. இந்தக் கிழவனை மன்னித்துக்கொள்."

"இன்னொருக்கா."

மறுபடி தொடக்கத்திலிருந்து வாசித்தேன். என் கையில் இருந்த தாளில், மாரி தொடங்கிவிட்டது, யாவரும் சுகம் என்று என் கையெழுத்து இருந்தது. கீழே பெரியையாவின் கோணல் கையெழுத்து.